பிள்ளை பெற்றவளுக்கு வளைகாப்பு

கதவுல ‘ஆலோசகர்’னு போட்டிருக்கு. அது நீங்கதானா? தலை நரைச்ச ஆளா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். இருக்கட்டும், இருக்கட்டும். உக்காரலாமில்ல?

நான் செண்பகவல்லி. கதிரேசனோட அக்கா. கோவில்பட்டியில இருந்து வாரேன். இந்த மாடியில கண்ணாடி ரூமுக்குள்ள ஒரு பெட்டியில வச்சிருக்கீங்களே, கால்ல ‘தங்கமாரி குழந்தை’ன்னு பட்டை கட்டி, அது என் தம்பி பிள்ளை. பட்டையில பெத்தவ பேரு மட்டும்தான் போடுவீங்களாம். தகப்பன் பேரு கெடையாது. ஏதோ அவ தனியா கடைக்குப் போய் வாங்கிட்டு வந்த மாதிரி. அது போகட்டும், நான் சண்டைக்கு வரல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அந்தப் பிள்ளைய ஒரு தடவை கண்ணால பாக்கணும். போன்ல ஒரு போட்டோ பாத்ததோட சரி. அதுலயும் மூக்குல குழாய், கண்ணு மேல துணி. கோழிக்குஞ்சா பிள்ளையான்னு தெரியல.

வாசல்ல நிக்கிற ஆளு உள்ள விட மாட்டேங்குறான். ‘தாய் தகப்பன் தவிர யாரு போகணும்னாலும் தாய் சம்மதிக்கணும், அந்த மேடத்தப் பாருங்க’ங்குறான். தம்பிக்குப் போன் போட்டா அவனும் அதையே சொல்றான். ‘அக்கா, மேடத்துக்கிட்டப் பேசிட்டு வா’ன்னு. நான் இடுப்புல தூக்கி வளத்த பய. எங்கம்மா செத்தப்ப அவனுக்கு மூக்கு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அவன் எனக்கு வழி சொல்றான்.

சரி, தங்கமாரி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கா? சொல்ல மாட்டீங்களா? சரிதான். எங்க வீட்டு விஷயம் உங்களுக்குத் தெரியும், நான் கேக்கப்படாது. அப்ப நானே சொல்றேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கோங்க.

தங்கமாரி சாத்தூர்க்காரி. தாய் கெடையாது. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வாட்ச்மேன். வாயில்லாத மனுசன். தாயில்லாத பொண்ணு, சொன்னபடி கேக்கும்னு நான்தான் பாத்து முடிச்சேன். ஆவணியில கல்யாணம். அடுத்த மாசமே தலைக்குக் குளிக்கல. எனக்குச் சந்தோஷம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். எங்க தெருவுல கல்யாணம் ஆகி நாலு வருசம் கோயில் கோயிலா சுத்துறவங்க இருக்காங்க. எங்க வீட்டுக்கு அந்தக் கேவலம் இல்ல.

பங்குனியில வளைகாப்பு வச்சோம், ஏழாம் மாசம். அவ அப்பாவால பெருசா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு எல்லாத்துக்கும் நானே முன்னால நின்னேன். மண்டபம் பேசியாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. வீடு வீடாப் போய் குங்குமச் சிமிழ நீட்டி அழைச்சாச்சு. மேலவீட்டு கோமதியக்காவுக்கு மட்டும் ரெண்டு தடவை போனேன். பெட்ரோல் பங்க் வச்சிருக்கிறவங்க. அவுக வந்தாத்தான் எங்க தெருவுல ஒரு விசேஷம் நடந்ததா அர்த்தம். அவுக வரலேன்னா பந்தி போட்டது வீண்.

எல்லாம் தயாரா இருக்கு. இவ என்ன செஞ்சா தெரியுமா? வளைகாப்புக்குப் பத்து நாள் கெடக்கையில வயித்த வலிக்குதுன்னு உக்காந்தா. சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடிடின்னேன். சாயங்காலம் பனிக்குடம் உடைஞ்சு போச்சு. உள்ளூர் டாக்டரம்மா பாத்துட்டு, ‘எங்ககிட்ட வசதி இல்ல, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க’ன்னுட்டாங்க. ஆம்புலன்ஸ்ல இங்க வந்து எறங்கினோம், பிள்ளையும் எறங்கிருச்சு. ஒரு கிலோ சொச்சம். சந்தையில நான் வாரத்துக்கு வாங்குற தக்காளி அதை விடக் கூட இருக்கும்.

அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். என் தம்பி சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுறான். அவ அப்பா துண்ட வாயில திணிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒரு நர்சு வந்து ‘பிள்ளை மூச்சு விடச் சிரமப்படுது’ன்னு சொன்னதும் ரெண்டு ஆம்பளையும் ஒரே நேரத்துல தரையில உக்காந்தாங்க. புத்தியோட நின்னவ நான் ஒருத்திதான். நான் கணக்குப் போட்டேன்.

என்ன கணக்கா? படிச்சவங்க கேக்குற கேள்வியா இது? ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. பங்குனியில கையில பிள்ளை. ஊரு என்ன சொல்லும்? கொறமாசத்துப் பிள்ளைன்னு நாம சொன்னா எவ நம்புவா? ‘ஓகோ, அப்பவே அப்படியா’ம்பாளுக. தம்பியக் கூட ஓரமாக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘ஏலே, உள்ளதச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் எங்கயாச்சும்…’னு. அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க. எந்திரிச்சுப் போயிட்டான். வெக்கப்படுறான்னு விட்டுட்டேன்.

அதனால ஒரு முடிவு எடுத்தேன். பிள்ளை பெறந்ததை யாருக்கும் சொல்லப்படாது. ரெண்டு மாசம் பெட்டிக்குள்ளதான கெடக்கப் போகுது? கெடக்கட்டும். வெளிய எடுக்கையில வைகாசி வந்துரும். வைகாசியில பெறந்ததாச் சொல்லிட்டா ஊருக்குக் கணக்கு சரியாப் போச்சு. யாருக்கு என்ன நட்டம்? அப்படிப் பாக்காதீங்க. உங்க டாக்டரே அதத்தான சொன்னாரு? ‘இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வயச, பெறந்த நாள்ல இருந்து எண்ணக் கூடாது, பெறந்திருக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணணும்’னு. அதுக்குத் திருத்திய வயசுன்னு ஒரு பேரு வேற. நீங்க திருத்தினா வைத்தியம், நான் திருத்தினா பொய்யா?

இன்னொன்னும் சொன்னேன். அதைத்தான் அவ உங்ககிட்ட வந்து ஓதியிருப்பா, எனக்குத் தெரியும். ‘பிள்ளை நின்னுச்சுன்னா அப்பச் சொல்லிக்கலாம். நிக்கலேன்னா, வந்ததே யாருக்கும் தெரிய வேண்டாம்’னேன். அவ தள்ளுவண்டிக் கட்டில்ல கண்ண மூடிக் கெடந்தா. தூங்குறான்னு நெனச்சேன். தூங்கலேன்னா என்ன? தப்பாவா சொன்னேன்? துக்கம் விசாரிக்க வர்ற கூட்டத்துக்கு இவ பதில் சொல்லித் தாங்குவாளா? அவளுக்கு நல்லதுன்னுதான் சொன்னேன்.

எனக்குந்தான் ஒண்ணு அப்படி வந்து அப்படியே போச்சு. யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரருக்கே முழுசாத் தெரியாது. மறுநாள் நான் மாவாட்டினேன், கூட்டினேன், பெருக்கினேன். இப்படி ஒரு ரூம்ல உக்கார வச்சு, மேஜை மேல கண்ணத் தொடைக்கப் பேப்பர் பெட்டி வச்சு, ‘சொல்லுங்கம்மா’ன்னு எவ கேட்டா? … என்ன பிள்ளையா? அதை என்னத்துக்கு இப்பக் கேக்குறீங்க? பொண்ணுதான். பேரெல்லாம் இல்ல. அதை விடுங்க. நாம பேச வந்தது அதைப் பத்தி இல்ல.

ஆமா, வளைகாப்பு நடந்துச்சு. நிறுத்தியிருக்கலாமேன்னு எல்லாரும்தான் கேக்குறீங்க. நிறுத்தினா ஏன்னு கேக்க மாட்டாங்களா? கூட்டுற கூட்டத்தக் கூட்டாம விட்டா, அது பிள்ளை பெறந்துருச்சுன்னு தண்டோரா போடுறதுதான? தம்பி வேண்டாம்னான். ‘அக்கா, அவ உடம்பு தாங்காது, பிள்ளை அங்க தனியாக் கெடக்கு’ன்னான். ‘பிள்ளைக்கு நர்சு இருக்கா. நம்ம மானத்துக்கு யாரு இருக்கா?’ன்னு கேட்டேன்.

சுகப்பிரசவம்கிறதால அவள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி மாங்காய் வெட்டி உப்பு மிளகாய் போட்டுக் கொண்டாந்து குடுத்தா, மாசமா இருக்கிறவளுக்கு ஆசையா இருக்குமேன்னு. ‘வாங்கிச் சாப்பிடுடி’ன்னேன். சாப்பிட்டா. நாள் பூரா ஒரு மிஷின வச்சுப் பாலை எடுக்கிறதுதான் அவளுக்கு வேலை. அதை ஐஸ் டப்பாவுல வச்சுக்கிட்டு என் தம்பி தினம் பஸ் ஏறி இங்க ஓடியாருவான். பேட்டரி கடை முதலாளி, பால்காரனா ஆயிட்டான். வாரவங்க போறவங்க கேட்டா டப்பாவுல ஆசிட் இருக்குன்னு சொல்லுன்னேன்.

விசேஷத்தன்னைக்குப் பட்டுச் சேலை நான்தான் கட்டி விட்டேன். பெத்து பத்து நாள், வயிறு முழுசா வத்தல. அது ஒரு வசதி. பத்தாததுக்கு ஒரு துண்டச் சுருட்டி உள்ள வச்சேன். அவ பொம்மை மாதிரி நின்னா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லல. சம்மதம்னுதான அர்த்தம்?

நாற்காலியில உக்கார வச்சாச்சு. மாலை போட்டாச்சு. கன்னத்துல சந்தனம், நெத்தியில குங்குமம். முதல்ல வேப்பிலைக் காப்பு, பெறகு நாத்தனா நான் கண்ணாடி வளையல் போட்டேன். அப்புறம் வரிசையா எல்லாரும். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. வளையல் போட்டதும் அவ கையப் பிடிச்சு வயித்துக்கிட்டக் கொண்டு போய்க் குலுக்குவாங்க, உள்ள இருக்கிற பிள்ளைக்குச் சத்தம் கேக்கட்டும்னு. அத்தனை பொம்பளைகளும் குலுக்கினாங்க. உள்ள என்ன இருந்துச்சு? துண்டுதான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

இதுக்கு நடுவுல, ‘மதினி, பால் எடுக்கணும்’னா. நல்ல நேரம் போயிரும், அப்புறம் எடுத்துக்கலாம்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், ‘மதினி, வலிக்குது’ன்னா. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காருன்னேன். பாத்தா ஜாக்கெட்டு ரெண்டு பக்கமும் நனைஞ்சு போச்சு. வேற எவளா இருந்தாலும் அங்கயே மாட்டியிருப்பா. ஆனா நான் யாரு? பன்னீர்ச் செம்ப எடுத்துட்டு வந்து, கால் தடுக்கின மாதிரி அவ மேலயே கொட்டி விட்டேன். ‘அடடா’ன்னு நானே சத்தம் போட்டு, மாலைய இழுத்து மூடி விட்டேன். இந்தச் சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்க?

அவ அப்பா வாசல்ல நின்னு தாம்பூலப் பை குடுத்துக்கிட்டு இருந்தாரு. என்னைய மெதுவாக் கூப்பிட்டு, ‘தாயி, பேத்தி எப்படி இருக்குன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கவா?’ங்குறாரு. மண்டப வாசல்ல வச்சு! ‘நீங்க பையக் குடுங்க’ன்னேன்.

கடைசியா யாரோ ஒருத்தி, நல்ல மனசுலதான், ‘சுகப்பிரசவம் ஆகட்டும் தாயி’ன்னு சொன்னா. இவ தலையத் தூக்கிப் பாத்து, ‘எப்ப?’ன்னு கேட்டா. அவ்வளவுதான். ‘எப்ப?’ தமாசு பண்றான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அன்னையில இருந்து பிடிச்சுது சனி எங்களுக்கு. தூங்க மாட்டேன்னா. வளையலைக் கழட்ட விட மாட்டேன்னா. பாலும் நின்னு போச்சு. இங்க கூட்டிட்டு வந்து பெட்டி முன்னால நிறுத்தினா, ‘இது யாரு பிள்ளை? இவங்கம்மா எங்க?’ன்னு நர்சக் கேட்டிருக்கா. ‘எனக்கு இன்னும் ஆகலையே’ன்னாளாம். பாருங்க நடிப்ப! நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்றா. ரெண்டு அடி போட்டா சரியாப் போகும்னு நான் சொன்னேன். நீங்களும் அந்த இன்னொரு டாக்டரும் என்ன செஞ்சீங்க? மாத்திரை குடுத்து, பக்கத்துல உக்காந்து, மெதுவாப் பேசி, அதுக்கு ஒரு பேரும் வச்சு, என் தம்பியக் கூப்பிட்டு ‘இது வியாதி, நடிப்பு இல்ல’ன்னு சொல்லிட்டீங்க. அவனுக்கு அது போதும். மறு வாரமே ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூம் எடுத்து அவளக் கூட்டிட்டு வந்துட்டான். வீட்டு வாசல்ல நான் நின்னேன். ‘வாரேன்க்கா’ன்னு கூடச் சொல்லல.

வர்ற வழியில பாத்தேன், உங்க கூட்டத்த. அந்தக் கோடி ரூம்ல பொம்பளைங்க வட்டமா உக்காந்திருந்தாங்க. ஒருத்தி பேசுறா, மத்தவங்க அழுறாங்க. நடுவுல டீ, பிஸ்கட். இந்த மாதிரி அழுகைக்கு டீ போட்டு இப்பத்தான் பாக்குறேன். பிள்ளை பொழச்சுக் கெடக்கு, என்னத்துக்கு அழுகை? பொழச்சதுக்கா அழுறாங்க? சொல்லுங்க. … பொழைக்குமா பொழைக்காதான்னு தெரியாம உக்காந்திருக்காங்களா? அப்படின்னா வீட்ல போய் வேலையப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான? உக்காந்து பாத்தா மட்டும் பிள்ளை தேறிருமா?

அதுல மூணு ஆம்பளைங்க வேற. என் தம்பியும் போறானாம். அது மட்டுமா? சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, பிள்ளைய நெஞ்சுல வச்சுத் துணியால கட்டிக்கிட்டு, பொழுதன்னைக்கும் சாஞ்சு கெடக்கானாம். கங்காருவாம். கோவில்பட்டியில எந்தக் கங்காரு இருக்கு? போட்டோ அனுப்பினான். நெஞ்சு முடியெல்லாம் தெரிய, நடுவுல ஒரு துணி மூட்டை. நான் அதை யாருக்கும் காட்டல, அழிச்சுட்டேன். ஒருநாள் போன்ல, ‘அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. அவளப் பாத்தாலும் பயமா இருக்கு, பிள்ளையப் பாத்தாலும் பயமா இருக்கு. சாப்பாடு எறங்க மாட்டேங்குது’ன்னான். ‘ஆம்பளைக்கு என்னடா பயம், ரெண்டு இட்லியத் தின்னுட்டுப் படு’ன்னு சொல்லி வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவனா எனக்குப் போன் போடுறதில்ல. கடை வேற பூட்டிக் கெடக்கு.

சொல்லிட்டேன். என் பக்கம் இவ்வளவுதான். இனிமே நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா நான் பாத்துட்டு, மதிய பஸ்ஸப் பிடிச்சுப் போயிருவேன். அவ அப்பன, அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன, உள்ள விட்டிருக்கீங்களாமே? அத்தை நான். எனக்கு இல்லாத உரிமையா?

என்ன? அவகிட்டக் கேட்டாச்சா? என்ன சொன்னா? … பாக்கட்டும்னா? பாத்தீங்களா, பின்ன என்ன… இல்ல, இருங்க. ஒண்ணு கேக்குறாளா? என்ன கேக்குறா?

வளைகாப்புக்கு வந்தவங்ககிட்ட உண்மையச் சொல்லணுமா? எல்லாருக்குமா? எல்லாருக்கும் வேண்டாம், ஒருத்தருக்குச் சொன்னாப் போதுமா? அந்த ஒருத்தர் யாருன்னும் அவளே சொல்லியிருக்காளா? … கோமதியக்காவா!

பாத்துக்கோங்கம்மா. இவதான் மனசு சரியில்லாதவ. தெருவுல எந்த வாய்க்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு எடை போட்டு வச்சிருக்கா. சரி, ‘பிள்ளை பெறந்துருச்சு’ன்னு சொன்னாப் போதுமா? போதாதா? ‘வளைகாப்பு அன்னைக்கே பெறந்துதான் இருந்துச்சு’ன்னு சொல்லணுமா? என் வாயால?

நடக்காது. நான் வாரேன். அந்தப் பைய எடுங்க.

என்னத்துக்காம் அவளுக்கு அது? ஊருக்குத் தெரிஞ்சு அவளுக்கு என்ன ஆகப் போகுது? … அன்னைக்கு அவ பிள்ளை பெத்தவதான்னு வெளிய ஒரு ஆளுக்காச்சும் தெரியணுமா? எனக்குத் தெரியும், அவ புருசனுக்குத் தெரியும், அவ அப்பனுக்குத் தெரியும். பத்தாதா? நாங்க மூணு பேரும்தான் அவள அந்த நாற்காலியில உக்கார வச்சோமா? அப்படிச் சொன்னாளா? இப்பப் பேச வருதே அவளுக்கு. அன்னைக்கு வரலையே.

உங்க வேலை உங்களுக்கு. நான் கெளம்புறேன்.

… என்ன சொன்னீங்க? கொட்டாவியா? பிள்ளையா? அந்த வாயிலயா? நேத்து ராத்திரி குழாய எடுத்துட்டாங்களா? பாலு உறிஞ்சுதா? இல்ல, சும்மா சொல்லாதீங்க. நெசமாவா? கொட்டாவி விடையில கண்ணச் சுருக்குதா? அது எங்கம்மா. எங்கம்மா அப்படித்தான், ஒரு கண்ண மட்டும் அதிகமாச் சுருக்குவா. இதுவும் ஒரு கண்ணத்தானா? … சொல்லாதீங்க, சொல்லாதீங்க. நானே பாத்துக்கிறேன்.

ச்சே. உக்காருறேன்.

அந்த ஏசிய ஏத்தி விடுங்க, கை வேர்க்குது. போனு வழுக்குது. நீங்க அந்தப் பக்கம் பாருங்க, யாராச்சும் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச வராது. மணி அடிக்குது.

ஹலோ, கோமதியக்காவா? நான்தான், செண்பகம். … ஆங், சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இல்லக்கா, வீட்ல இல்ல. திருநெல்வேலியில. ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். … எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். தங்கமாரிக்குப் பிள்ளை பெறந்திருக்கு. பொண்ணு. … எப்பவா? அது வந்து… அக்கா, வளைகாப்புக்கு வந்தீங்களே. அன்னைக்கு… அன்னைக்கே பெறந்துதான்க்கா இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே. இங்க பெட்டியில இருந்துச்சு. … ம். … ம். … என்னது? … யாரு யாருக்கு? … ஒரு நிமிசம் இருங்கக்கா.

போன மூடிக்கிட்டேன், கேக்காது. தெரியுமாம்!

அன்னைக்கே தெரியுமாம். ‘நாலு பெத்தவடி நான், பால் வாசனை எனக்குத் தெரியாதா, பன்னீர ஊத்தினா போயிருமா’ங்குறாக. அவுகளுக்கு மட்டும் இல்லையாம். வந்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியுமாம். மண்டபத்துப் படி எறங்கையிலயே பேசிக்கிட்டாங்களாம்.

பாத்தீங்களா இந்தப் பொம்பளைகள? தெரிஞ்சுக்கிட்டே வந்து வளையல் போட்டிருக்காளுக! தெரிஞ்சுக்கிட்டே குலுக்கியிருக்காளுக! அஞ்சு வகைச் சோத்தையும் தின்னுட்டு, தாம்பூலப் பையையும் வாங்கிக்கிட்டு, ஒருத்தியாச்சும் வாயத் தொறந்தாளா? பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்க, பாலு கட்டி உக்காந்திருக்கிற பச்சை உடம்புக்காரிய வச்சு இப்படி ஒரு கூத்து நடத்த எப்படி மனசு வந்துச்சு இவளுகளுக்கு? மனுச ஜென்மங்களா இதுக? நாளைக்கு மூஞ்சியில முழிக்க முடியுமா இவளுகளால?

என்ன, ஏன் என்னையப் பாக்குறீங்க? இருங்க. ஒண்ணு கேட்டுக்கிறேன்.

அக்கா, லைன்லதான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும். இந்தக் கல்யாணம் ஆகி எத்தனை மாசம்னு… யாரும் கணக்கு கிணக்குன்னு பேசிக்கிட்டாங்களா? … இல்லக்கா, சும்மாத்தான் கேட்டேன். … ஓ. … ஓ.

என்ன கணக்குன்னு கேக்குறாக. அவுகளுக்கு நான் கேக்குறதே புரியல. ‘கொறமாசத்துல பெறந்திருக்கும், பாவம், எதுக்கு மறைக்கிறாங்களோ, நாமளாப் போய்க் கேக்க வேண்டாம், செண்பகமாச் சொல்லட்டும்’னு இருந்தாங்களாம். ஒருத்தி கூடவா கணக்குப் போடல? எங்க தெருவுலயா? நம்புற மாதிரியா இருக்கு?

ஆங், கேக்குதுக்கா. … பிள்ளை நல்லா இருக்கு. குழாயெல்லாம் எடுத்துட்டாங்க. கொட்டாவி விடுதாம். ஆமா, எங்கம்மா மாதிரியே. … என்னது? … ஒரு நிமிசம்.

தங்கமாரி எப்படி இருக்கான்னு கேக்குறாக.

என்ன சொல்ல? தூங்குறாளா, சாப்பிடுறாளா… எனக்கு என்னம்மா தெரியும்? நீங்கதான தினம் பாக்குறீங்க? இப்பவும் பிள்ளையப் பாத்து யாரு பிள்ளைன்னு கேக்குறாளா, இல்ல, அவ பிள்ளைன்னு தெரிஞ்சுருச்சா? சொல்லுங்க, என்ன சொல்லட்டும்? வேண்டாம், நீங்களே சொல்லிருங்க. இந்தாங்க. போனப் பிடிங்கம்மா. ‘செண்பகம், செண்பகம்’னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காக.